சைக்கிள் கேள்வி–பதில்: முக்திநாத்தில் தின்ற மண்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்தான். ஆசை ஆசையாய்ப் போனேன், பாதை சரியில்லை என்று. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டேன். பல் சக்கரம் தேய்ந்ததை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்ட திருப்பூர் வாசகர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மவுண்டன் பைக் வாங்கி ஆறு மாதம் ஆகிறது. முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன் உள்ளது. ‘அருமையான பாதை’ என்று நண்பர்கள் சொன்னதை நம்பி ஒரு மலையடிவாரத்துக்குப் போனேன். முதல் ஐந்து கிலோமீட்டர் டிராக்டர் ஓடும் செம்மண் சாலை. அப்புறம் செங்குத்தாக ஏறும் ஒரு தடம், முழுக்கத் தேங்காய் அளவுக் கற்கள், இரண்டு பக்கமும் உண்ணிச்செடி. மூன்று மணி நேரத்தில் இரண்டு மணி நேரம் தள்ளிக்கொண்டே நடந்தேன். தப்பு என் மேலா, சைக்கிள் மேலா, பாதை மேலா? — வாசகர், ஈரோடு

மூன்று பேரையும் கூண்டில் ஏற்றுவதற்கு முன்னால் என் கதையைக் கேளுங்கள் தம்பி.

2019 அக்டோபர் கடைசியில் நானும் என் அக்கா மகனும் நேபாளம் போனோம். முக்திநாத்திலிருந்து காளி கண்டகி ஆற்றை ஒட்டியே தாத்தோபானி வரை சைக்கிளில் இறங்குவது திட்டம். முக்திநாத் சுமார் 3,700 மீட்டர் உயரம். தாத்தோபானி 1,200 மீட்டர். இரண்டரைக் கிலோமீட்டர் உயரத்தை மிதிக்காமல் உருண்டே இறங்கிவிடலாம் என்று பட்டறைச் சுவரில் கரித்துண்டால் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். செலவுக்கு ஒரு வருடம் சீட்டுக் கட்டினேன். அம்மாவுக்கு வேறு கணக்கு. ஆழ்வார் பாடின சாளக்கிராமம் அந்தப் பக்கம்தான், நூற்றெட்டுத் தாரையிலும் தலையைக் காட்டிவிட்டு எனக்கு ஒரு பாட்டில் தீர்த்தம் கொண்டு வா என்று சொல்லி அனுப்பினாள்.

போக்ராவில் வாடகைக்கு இரண்டு சைக்கிள் எடுத்தோம். நல்ல சைக்கிள், அதில் குறை சொல்ல முடியாது. எந்த வழியாக இறங்குவது என்று அங்கிருந்தவரிடம் கேட்டேன். ஜீப் போகிற வழியிலேயே போங்கள், எல்லாம் ஒன்றுதான் என்றார். நானும் சரி என்றேன். வேறு பாதை இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

ஜீப் கூரையில் சைக்கிளைக் கட்டி மேலே போய்ச் சேர்ந்தோம். மறுநாள் காலை கோயில். சுவரில் வரிசையாகப் பசு முகம் வைத்த நூற்றெட்டுத் தாரைகள், ஐஸ் தண்ணீர். பத்தாவது தாரையிலேயே மண்டை மரத்துப் போனது. மருமகன் தலையைக் குனிந்துகொண்டு ஒரே ஓட்டமாக ஓடி முடித்துவிட்டான். நான் அம்மாவுக்காக நிதானமாக நனைந்தேன், பாட்டிலைப் பிடித்தேன், பிரசாதம் வாங்கினேன். சைக்கிளில் ஏறும்போது மணி பதினொன்று. அங்கேதான் கெட்டது.

முக்திநாத்துக்குக் கீழே ஜோம்சோம் என்று ஓர் ஊர். அங்கே விமானம் காலையில் மட்டும்தான் வந்து போகும். நான் விமானத்தில் போயிருந்தால் ஏன் என்று அப்போதே தெரிந்திருக்கும். வெயில் ஏற ஏறத் திபெத் பீடபூமி சூடாகிறது. அங்கே காற்று மேலே எழும்ப, அந்த இடத்தை நிரப்பத் தெற்கேயிருந்து காற்று ஓடுகிறது. இமயம் மதில் மாதிரி குறுக்கே நிற்பதால் அது நுழைய சில சந்துகள்தான். 8,091 மீட்டர் அன்னபூர்ணாவுக்கும் 8,167 மீட்டர் தவளகிரிக்கும் நடுவே காளி கண்டகி அறுத்து வைத்திருக்கும் பள்ளம் அதில் ஒன்று. ஆடி மாதம் பொள்ளாச்சிப் பக்கம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை எதிர்த்து மிதித்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். அதை நாலால் பெருக்கிக்கொள்ளுங்கள். காற்று தெற்கிலிருந்து வடக்கே போகிறது. நாங்கள் வடக்கிலிருந்து தெற்கே வருகிறோம்.

எக்லேபட்டி என்று ஓர் இடம். ஒற்றைச் சத்திரம் என்று அர்த்தமாம். அதுவரைக்கும் சரளைக்கல், ஜீப்புக்கு ஒதுங்குவது, புழுதி, மறுபடி ஜீப். அது பரவாயில்லை. அங்கிருந்து ஜோம்சோம் வரை ஏழெட்டுக் கிலோமீட்டர் ஆற்றுப் படுகையை ஒட்டின வழி. படுகை திருச்சிக் காவிரி மாதிரி விரிந்து கிடக்கிறது, தண்ணீர் என்னவோ வாய்க்கால் அளவுதான். மேடு என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் முன்னால் சின்னப் பல், பின்னால் பெரிய பல் போட்டு, கல்லாறு ஏற்றத்தில் மிதிக்கிற மாதிரி மிதித்தோம். மிதிப்பதை நிறுத்தினால் சைக்கிள் நின்றது. மணல் கன்னத்தில் ஊசி மாதிரி குத்தியது. வாயை மூடியிருந்தும் பல்லுக்கு நடுவே மண். செயினில் அது போய் உட்கார்ந்து கரகரவென்று அரைக்கிற சத்தம் இருக்கிறதே, எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. முப்பது வருடமாக அடுத்தவர் செயினைக் கழுவிப் பிழைக்கிறவன் நான். ஏழெட்டுக் கிலோமீட்டருக்கு இரண்டரை மணி நேரம். மருமகன் ஒரு பாறைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, “மாமா, இதுக்கு நம்ம மருதமலை படிக்கட்டே தேவலை” என்றான்.

அடுத்த நாள் புத்தி வந்து காலை ஆறு மணிக்கே கிளம்பினோம். காற்று இல்லை. ஆனால் ரோட்டை அகலப்படுத்தும் வேலை நடந்துகொண்டிருந்தது. காசா என்ற ஊருக்குக் கீழே ஓரிடத்தில் பொக்லைன் பாறை தள்ளி முடிக்கட்டும் என்று ஒன்றரை மணி நேரம் காத்துக் கிடந்தோம். அன்றைக்கு நான் மூச்சில் இழுத்த புழுதியை எடுத்தால் ஒரு செங்கல் அறுக்கலாம்.

இதற்கு நடுவே அரை மணி நேரம் ஒன்று கிடைத்தது. அதற்காகத்தான் இத்தனை கதையும்.

மார்பா என்று ஓர் ஊர். வெள்ளையடித்த மண் வீடுகள், தட்டைக் கூரைமேல் அடுக்கின விறகு, எங்கே பார்த்தாலும் ஆப்பிள். அங்கே டீக்கடை அம்மாள் என் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு, “இது ஜீப்புக்குப் போட்ட ரோடு, நீங்கள் ஏன் இதில் வருகிறீர்கள்? கோவேறு கழுதைக்குப் போட்ட பாதை அக்கரையில் இருக்கிறது” என்று இந்தியில் சொன்னாள். பாலம் தாண்டினோம். சாய்ரோ என்ற சின்ன ஊர். அதை ஒட்டி ஓரடி ஒன்றரை அடி அகலத்தில் ஒரு தடம், மேலே பைன் ஊசி இலை மெத்தை மாதிரி விழுந்து கிடக்கிறது. டயர் சத்தமே இல்லை. ஒரு வளைவு, கொஞ்சம் இறக்கம், ஒரு சின்ன மேடு, மறுபடி வளைவு. பிரேக்கை இரண்டு விரலால் தொட்டால் போதும். எங்கேயும் குதிக்க வேண்டியதில்லை, எங்கேயும் இறங்கித் தள்ள வேண்டியதில்லை. முன்னால் போன மருமகன் சின்னப் பையன் மாதிரி கத்திக்கொண்டே போனான்.

அந்தப் பள்ளத்தாக்கில் காலங்காலமாகத் திபெத் உப்பு கீழேயும் சமவெளித் தானியம் மேலேயும் போயிற்று. தகாலி இன வியாபாரிகள், மூட்டை சுமக்கிற கோவேறு கழுதைகள். முதுகில் உப்பு மூட்டையோடு எந்த மிருகமும் மலையில் நேர்க்குத்தாக இறங்காது. சரிவைச் சுற்றிச் சுற்றித்தான் போகும். பாதை அப்படிச் சரிவுக்குக் குறுக்கே போனால், மழைத் தண்ணீர் பாதையைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விடும், பாதை மேலேயே ஓடாது. அமெரிக்காவில் 1988இல் தொடங்கின சர்வதேச மலைச் சைக்கிள் சங்கம் இதைத்தான் விதியாக எழுதி வைத்திருக்கிறது. மலைச்சரிவு 40 சதவிகிதம் என்றால் அதில் வெட்டுகிற பாதையின் ஏற்றம் அதில் பாதியை, அதாவது இருபதைத் தாண்டக் கூடாது. மொத்தப் பாதைக்கும் சராசரி பத்துக்குள் இருந்தால் நல்லது. கழுதைக்கு இந்தக் கணக்கு படிக்காமலே தெரிந்திருக்கிறது.

இப்போது உங்கள் பாதைக்கு வருவோம். செங்குத்தாக ஏறினது, தேங்காய் அளவுக் கல் என்றீர்கள். அது பாதையே இல்லை தம்பி, ஓடை. யாரோ சுள்ளி பொறுக்கக் குறுக்கு வழியாக நேரே ஏறியிருப்பார்கள். மழை அந்தக் கீறலைப் பிடித்துக்கொண்டு இறங்கியிருக்கும். வருடா வருடம் மண்ணைக் கழுவிக்கொண்டு போய்க் கல்லை மட்டும் விட்டு வைத்திருக்கிறது. அதில் பத்து லட்ச ரூபாய் சைக்கிளைக் கொண்டு போனாலும் தள்ளத்தான் வேண்டும். உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. என்ன, ‘அருமையான பாதை’ என்று சொன்ன நண்பர்களிடம் அது யாருக்குப் போட்ட பாதை என்று கேட்டிருக்கலாம். நான் போக்ராவில் கேட்காததுபோல் நீங்களும் கேட்கவில்லை.

தரையைப் பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாம். இரண்டு கோடு, நடுவே புல் என்றால் டிராக்டர். நடுவில் குழிந்து ஓரம் உயர்ந்திருந்தால் தண்ணீர். குளம்புக் குழி காய்ந்து மேடும் பள்ளமுமாக இருந்தால் மாடு, உட்காருமிடம் நோகும், ஆனால் போகலாம். ஆட்டுத்தடம்தான் ஏமாற்று வேலை. தரை வழவழவென்று அழகாக இருக்கும், நம்பிப் போனால் கழுத்தில் கிழிக்கும். ஆட்டின் உயரம் இரண்டரை அடி, அது தன் தலை முட்டாத அளவுக்குத்தான் புதரில் வழி பண்ணும். உங்களைக் கிழித்த அந்த உண்ணி நம் ஊர்ச் செடியே இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தாவுக்கு அலங்காரச் செடியாக வந்தது. இப்போது எந்த மலையடிவாரத்திலும் அதுதான் சொந்தக்காரன் மாதிரி நிற்கிறது.

ஈரோட்டில் இருந்துகொண்டு மலைக்கு ஏன் ஓடுகிறீர்கள்? கீழ்பவானி வாய்க்கால் சுமார் 200 கிலோமீட்டர் ஓடுகிறது. மண்ணாக இருக்கிற கரையாகப் பார்த்து ஒரு நாள் விடிகாலையில் முப்பது கிலோமீட்டர் போய் வாருங்கள். சாகசம் ஒன்றும் கிடையாது. ஆனால் தள்ள வேண்டியிருக்காது.

வீடியோவில் பார்த்தால் எல்லாப் பாதையும் சமமாக, எளிதாகத் தெரிகிறது. நேரில் போனால் எட்டிப் பார்க்கவே பயமாக இருக்கிறதே, ஏன்? — வாசகர், திருநெல்வேலி

தலைக்கவசத்திலும் நெஞ்சிலும் மாட்டுகிற கேமராவின் லென்ஸ் ரொம்ப அகலம். அகல லென்ஸ் சரிவைத் தட்டையாக்கிக் காட்டும், கல்லைச் சிறிதாக்கும். நேரில் முப்பது டிகிரி சரிவு வீடியோவில் வீட்டு வாசல் சறுக்குப்பலகை மாதிரி இருக்கும். வீடியோவில் கொஞ்சம் பயமாக இருந்தாலே அது நமக்கு வேண்டாம் என்பது என் கணக்கு. மரங்களைப் பாருங்கள். மரம் நேராகத்தான் வளரும், அதற்கும் தரைக்கும் உள்ள கோணம் உண்மையைச் சொல்லிவிடும். கேமராவையே சாய்த்துப் பிடித்திருந்தால் அதுவும் கைவிடும்.

கரடுமுரடான பாதையில் கைவலி தாங்க முடியவில்லை. நல்ல சஸ்பென்ஷன் போட்டால் சரியாகுமா? கடையில் இருபதாயிரம் ஆகும் என்கிறார்கள். — வாசகர், சேலம்

முதலில் டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்குங்கள். காசு செலவில்லை.

என் பட்டறைக்குப் பாதை சரியில்லை என்று வருகிற பத்து சைக்கிளில் ஏழு கல்லு மாதிரி இருக்கும். பெட்ரோல் பங்கில் 50 பிஎஸ்ஐ அடித்துக் கொடுத்திருப்பார்கள். இரண்டேகால் அங்குல டயர், உள்ளே டியூப், ஆள் 70 கிலோ என்றால் மண்பாதைக்கு முன்னால் 26, பின்னால் 29 போதும். டியூப் இல்லாத டயர் என்றால் இன்னும் நாலைந்து குறைக்கலாம். ரொம்பக் குறைத்தால் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே டியூப் நசுங்கிப் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும். அப்படி விழுந்தால் இரண்டு பிஎஸ்ஐ ஏற்றுங்கள், அவ்வளவுதான் சூத்திரம்.

ஒரு கூடுதல் தகவல். மலை ஏறினால் வெளிக்காற்றின் அழுத்தம் குறையும், அதனால் உங்கள் டயர் அளவுமானியில் கூடிக் காட்டும். போக்ராவில் அடித்த காற்று முக்திநாத் உயரத்தில் நாலு பிஎஸ்ஐ அளவுக்கு ஏறும். குளிர் அதில் ஒரு பங்கைத் திரும்ப வாங்கிக்கொள்ளும். ஊட்டி, கொடைக்கானல் உயரத்துக்கு இது பெரிய விஷயமில்லை, ஆனாலும் மேலே போன பிறகு ஒரு தரம் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் செய்தும் கை வலித்தால் அந்த இருபதாயிரத்தைப் பற்றிப் பேசுவோம்.

மேற்குத் தொடர்ச்சி மலையில் நல்ல ஒற்றையடிப் பாதைகள் எவ்வளவோ இருக்கின்றன. நானும் தோழிகள் மூன்று பேரும் சைக்கிளோடு போகலாம் என்று இருக்கிறோம். யாரிடமும் கேட்க வேண்டுமா? — வாசகி, மதுரை

கட்டாயம் கேட்க வேண்டும். காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவது குற்றம். 2018 மார்ச்சில் குரங்கணித் தீயில் நடந்தது உங்கள் ஊர்ப்பக்கத்து விஷயம், நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதன் பிறகுதான் மலையேற்றத்துக்கென்று அரசு தனி விதிகள் கொண்டு வந்தது. 2024 அக்டோபரில் வனத்துறை 40 வழித்தடங்களைத் திறந்து, இணையத்தில் பதிவு, கூடவே வழிகாட்டி என்று ஏற்பாடு செய்தது. அதெல்லாம் நடக்கிறவர்களுக்கு. வழிகாட்டி நடந்து வர, நீங்கள் சைக்கிளில் போக முடியாது.

சட்டத்தை விடுங்கள். ஒற்றையடிப் பாதைகள் என்றீர்களே, அதில் பல யானை போட்டவை. எனக்கு யானைத் தடத்தில் போகும் தைரியம் இல்லை. நடந்து போகிறவர் பேச்சும் காலடியும் தூரத்திலேயே கேட்கும், அது ஒதுங்கிக்கொள்ளும். இறக்கத்தில் வரும் சைக்கிள் சத்தமே இல்லாமல் மணிக்கு இருபத்தைந்து முப்பது கிலோமீட்டரில் வளைவைத் திரும்பும். அந்தப் பக்கம் காட்டுமாடு நின்றால் இரண்டு பேருக்கும் யோசிக்க நேரம் இருக்காது. தெரிந்தவர் யாருக்காவது காப்பித் தோட்டம் இருந்தால் அவரிடம் கேட்டு உள்ளே ஓட்டுங்கள். தோட்ட வேலைக்காரர்கள் நடக்கிற பாதை சுத்தமாக இருக்கும், தண்ணீர் போக வடிகால் வெட்டியிருப்பார்கள். பறிப்பு நடக்கிற நாளில் மட்டும் போகாதீர்கள், வேலை கெடும்.

ஜீப் ரோட்டில் ஓட்டுவது உண்மையான மவுண்டன் பைக்கிங் இல்லை என்று எங்கள் குழுவில் ஒருவர் கேலி செய்கிறார். — வாசகர், சென்னை

அவரிடம் ரீபேக் கதையைச் சொல்லுங்கள். கலிபோர்னியாவில் மரின் கவுண்டி. அங்கே 1976 அக்டோபர் 21 அன்று நாலைந்து கிறுக்கர்கள் கூடி ஒரு மலைச்சாலையில் இறங்குகிற பந்தயம் வைத்தார்கள். மூன்று கிலோமீட்டர் சொச்சத்தில் சுமார் 400 மீட்டர் இறக்கம். சைக்கிள் எல்லாம் பழைய இரும்புக்கடைச் சரக்கு. தடி டயர், பெடலைப் பின்பக்கம் மிதித்தால் பிடிக்கிற பிரேக். கீழே வருவதற்குள் பின்சக்கர ஹப் சூடாகி உள்ளே இருக்கிற கிரீஸ் புகைந்து ஆவியாகப் போய்விடும். ஒவ்வொரு இறக்கத்துக்கும் அதைப் பிரித்து மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டும். அடைக்கிற அந்த வேலைதான் பாதைக்கே பெயராகிவிட்டது. ஒரு மெக்கானிக்காக எனக்கு இதைவிடப் பிடித்த ஊர்ப்பெயர் கிடையாது. அந்தக் கூட்டத்தில் இருந்த ஜோ பிரீஸ் அடுத்த வருடமே இதற்கென்று தனியாக சைக்கிள் செய்தார். இருபது வருடம் கழித்து, 1996இல், அட்லாண்டா ஒலிம்பிக்கில் மவுண்டன் பைக் பந்தயம் வந்துவிட்டது.

இத்தனையும் தொடங்கின அந்தப் பாதை, காட்டுத்தீ அணைக்கிற வண்டி போக வெட்டின ரோடு. ஜீப் ரோடுதான்! காளி கண்டகியில் நான் திட்டினது ரோட்டை இல்லை, அதில் நிற்காமல் வந்துகொண்டிருந்த ஜீப்பை.

போன இதழில் நீங்கள் நேபாளம் போனதாக ஒரு வரி எழுதியிருந்தீர்கள். நானும் வீட்டுக்காரியும் முக்திநாத் யாத்திரை போகிறோம். வயது 61. பழைய சைக்கிள் பிரியன். ஒரு நாளாவது அங்கே ஓட்ட முடியுமா? — வாசகர், ஸ்ரீரங்கம்

தாராளமாக ஓட்டலாம் ஐயா. முக்திநாத்திலிருந்து இறங்க லுப்ரா என்ற ஊர் வழியாக ஒரு மலைப்பாதை இருக்கிறது, சைக்கிள்காரர்கள் அதைத்தான் கொண்டாடுகிறார்கள் என்று ஊருக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஆனால் அது உங்களுக்கு வேண்டாம், சரிவு அதிகம். நீங்கள் ஜோம்சோமில் ஒரு ராத்திரி தங்குங்கள், உடம்பு உயரத்துக்குப் பழகட்டும். காலை ஆறரைக்கு வாடகைச் சைக்கிளில் கிளம்பினால் மார்பா ஆறு கிலோமீட்டர்தான், கிட்டத்தட்டச் சமதரை. அந்த நேரத்தில் காற்றும் இருக்காது, ஜீப்பும் குறைவு. அங்கே ஆப்பிள் வாங்குங்கள், சந்துகளில் சுற்றுங்கள், பாலம் தாண்டி சாய்ரோவை எட்டிப் பாருங்கள். அவசரப்படாமல் பதினொன்றரைக்கு மேல் திரும்புங்கள். என்னை இரண்டரை மணி நேரம் படுத்தின அதே காற்று அப்போது உங்கள் முதுகில் இருக்கும். ஜோம்சோம் வரை பாதி தூரம் மிதிக்கவே வேண்டியிருக்காது. கண்ணுக்குக் கண்ணாடி, மூக்குக்குத் துணி மறக்காதீர்கள்.

அப்புறம் தீர்த்தம் பிடிக்கிறதானால் மூடி இறுக்கமான பாட்டிலாகக் கொண்டு போங்கள். நான் சைக்கிள் கூண்டில் வைத்து வந்தது குலுங்கிக் குலுங்கி, அம்மா கையில் கால் பாட்டில்தான் போய்ச் சேர்ந்தது.